படம் நன்றாக வரைகிறார்கள், மாடல் வரவில்லை. நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

வடவாறு:

வணக்கம். தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். மூன்றாம் ஆண்டுக்குத் தகவல் அமைப்பு மாடலிங், அதாவது நிரல் எழுதுவதற்கு முன்னால் ஓர் இடத்தில் நடப்பதைப் படமாக்குவது, என் தலையில் இருக்கிறது. ஈ.ஆர். படம் (எந்தெந்தப் பொருள், அவற்றுக்குள் என்ன உறவு), டேட்டா ஃப்ளோ (தகவல் எங்கிருந்து எங்கே போகிறது), யூ.எம்.எல். (மென்பொருளுக்கான படக் குறியீடுகள்), கொஞ்சம் நார்மலைசேஷன் (ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரிப்பது). லேப் மேனுவலில் இருப்பதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான்: பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், ரயில் முன்பதிவு. சீனியர் ரெக்கார்டு நோட்டு கைமாறிக் கைமாறி வருகிறது. ஸ்டார்யூ.எம்.எல். என்ற வரைகருவியில் பிள்ளைகள் வரையும் படத்தைக் குறை சொல்லவே முடியாது, அவ்வளவு சுத்தம். "இங்கே ஏன் ஒன்றுக்குப் பல போட்டிருக்கிறாய்?" (ஒருவருக்குப் பல விண்ணப்பம் என்பது போன்ற உறவு) என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். "மேனுவல்ல அப்படித்தான் சார் இருக்கு."

சரி, மேனுவலில் இல்லாத ஒன்றைக் கொடுப்போம் என்று இந்த முறை நெல் கொள்முதல் நிலையத்தைக் கொடுத்தேன். வகுப்பில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம், இதைவிடத் தெரிந்த விஷயம் வேறு இருக்காது என்று நினைத்தேன். வந்தது பாஸ்போர்ட் படமேதான். அப்ளிகன்ட் இருந்த இடத்தில் ஃபார்மர், போலீஸ் வெரிஃபிகேஷன் இருந்த இடத்தில் மாய்ஸ்சர் வெரிஃபிகேஷன், லாகின் லாகவுட் அப்படியே. ஈரம் அதிகம் என்று நெல்லைத் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்பது ஒரு படத்திலும் இல்லை. அப்பாவோடு களத்தில் நின்று நெல்லைத் தள்ளிக் காயவைத்த பையன் வரைந்த படத்திலும் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அறுபது பேர் இருக்கிற வகுப்பு. யூஸ் கேஸ் (யார் எதற்காக சிஸ்டத்துக்கு வருகிறார் என்ற படம்), ஈ.ஆர்., டேட்டா ஃப்ளோ, எதை முதலில் எடுப்பீர்கள்? மார்க் எப்படிப் போடுகிறீர்கள்? தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வாயே திறப்பதில்லை, அதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழைய கரும்பலகை:

வடவாறு சார், எது முதல் எது இரண்டாவது என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஆனால் சதுரம், நீள்வட்டம், அம்பு எதையும் ஆரம்ப வகுப்புகளில் கண்ணிலேயே காட்டாதீர்கள். சாப்ட்வேரைத் திறக்கவே விடாதீர்கள். பூர்த்தி செய்த காகிதத்தைக் கையில் கொடுங்கள். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமப் பதிவு), கொள்முதல் ரசீது, வங்கிப் புத்தகத்தில் பணம் வரவான பக்கம். பெயர், ஆதார் எண், கணக்கு எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு நகல் எடுத்தால் போதும். வெற்றுப் படிவம் உதவாது, எழுதி நிரப்பியது வேண்டும்.

அப்புறம் அதிலிருந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள், தமிழிலேயே எழுதட்டும். "ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரே ஒரு உரிமையாளர்." எழுதியாயிற்றா, இப்போது பக்கத்து பெஞ்சுக்காரன் இதை உடைக்க வேண்டும். உடைப்பது என்றால் வாயால் வாதாடுவது இல்லை, இந்த வாக்கியத்துக்கு ஒத்துவராத ஒரு வரிசையை அட்டவணையில் எழுதிக் காட்டுவது. கூட்டுப் பட்டா என்று ஒருத்தி எழுதிவிட்டால் அந்த வாக்கியம் போயிற்று. "நெல் கொண்டுவருபவர்தான் பட்டாதாரர்." இதற்கு டெல்டாவில் ஒரு நிமிடம்கூட ஆயுள் கிடையாது. வாய்மொழிக் குத்தகை, கோவில் நிலம், மடத்து நிலம், செத்துப்போன தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டா, இவ்வளவும் வகுப்பிலிருந்தே வரும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் நிலத்துக்கும் ஆளுக்கும் நடுவில் சாகுபடி என்று தனியாக ஒன்று வேண்டும் என்று அவர்களே வந்து நிற்பார்கள். அசோசியேட்டிவ் என்டிட்டி (இரண்டு என்டிட்டியை, அதாவது தகவல் வைக்கும் பொருளை, இணைக்க நடுவில் நிற்பது) என்ற பெயரை அன்றைக்குச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. பீட்டர் சென் ஈ.ஆர். கட்டுரையை வெளியிட்டது 1976இல். ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவில் நைசன் போன்றவர்கள் வாக்கியத்திலிருந்தும் மாதிரித் தரவிலிருந்தும் மாடலைக் கட்டும் வழியைத் தொடங்கினார்கள், பின்னால் டெர்ரி ஹால்பின் அதை ஆப்ஜெக்ட் ரோல் மாடலிங் என்று வளர்த்தார். நம்ம சிலபஸில் சென் வந்தார், இவர்கள் வரவில்லை. சென் படத்தையே வரையட்டும், ஆனால் அதற்கு முந்தைய வேலையை ஹால்பின் வழியில் செய்யட்டும் என்பதுதான் என் கட்சி.

வீக் என்டிட்டிக்கு (தனியாக அடையாளம் காட்ட முடியாமல் இன்னொன்றைச் சார்ந்து நிற்பதற்கு) பாடப் புத்தகம் ஊழியர், அவரைச் சார்ந்தவர் என்று ஒன்றைக் கொடுக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் பண்ணுவார்கள். சிட்டாவைக் காட்டுங்கள். புல எண் 112, உட்பிரிவு 3பி. இந்த 3பி தனியாக எதையும் குறிக்காது, 112க்குள்தான் அதற்குப் பொருள். 112ம் தனியாக நிற்காது, வருவாய்க் கிராமத்துக்குள்தான் அது ஒன்றே ஒன்று, அடுத்த கிராமத்திலும் ஒரு 112 இருக்கும். கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்தால்தான் சாவி, அதாவது ஒரு வரிசையைத் தனித்துக் காட்டும் அடையாளம். வீக் என்டிட்டிக்கு இரட்டைக் கோட்டுச் சதுரம் எதற்கு என்று அதன் பிறகு எவனும் கேட்க மாட்டான்.

ஆண்டு என்று ஒரு அட்ரிபியூட் (என்டிட்டியின் ஒரு பண்பு) போடுவார்கள் பாருங்கள், அங்கே பிடியுங்கள். எந்த ஆண்டு? அடங்கல் வருவாய்த்துறையின் பசலி ஆண்டில் ஓடுகிறது, ஜூலை முதல் தேதி தொடக்கம், 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. கொள்முதல் பருவம் மத்திய அரசுக் கணக்கில் அக்டோபர் முதல் செப்டம்பர், தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகச் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. வங்கிக்கு ஏப்ரல் முதல் மார்ச். ஒரே பசலியில் ஒரே புல எண்ணில் குறுவையும் உண்டு, தாளடியும் உண்டு. ஆகவே நிலம், பசலி இரண்டை மட்டும் சாவியாகப் போட்டால் இரண்டாவது வரிசை உள்ளே நுழையாது, பருவமும் சேர வேண்டும்.

அளவு விஷயமும் அப்படித்தான். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. ஊரில் ஏக்கருக்கு இத்தனை மூட்டை கண்டது என்று பேசுகிறபோது பெரும்பாலும் மனதில் இருப்பது 60 கிலோ மூட்டை. நிலம் பட்டாவில் ஹெக்டேர், ஏர். பேச்சில் மா, வேலி. 20 மா ஒரு வேலி, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். மூட்டை எண்ணிக்கை என்று வெறும் எண்ணை வைத்த பையனிடம், அவன் அப்பா சொல்கிற கணக்கும் ரசீதில் இருக்கிற கணக்கும் ஏன் பொருந்தவில்லை என்று கேளுங்கள்.

மார்க் விஷயம்: படத்துக்குப் பாதி போதும். மீதிப் பாதிக்கு, நீங்களே தெரிந்து தப்பு வைத்த ஒரு படத்தைக் கொடுத்து "இந்தப் படம் ஏற்றுக்கொள்ளாத, ஆனால் ஊரில் நடக்கிற ஒரு வரிசையை எழுது" என்று கேளுங்கள். இதற்கு சீனியர் நோட்டு உதவாது. திருத்தவும் நேரம் ஆகாது, மூன்று வரிதான் விடை.

மாயூரத்தான்:

கரும்பலகை ஐயா எழுதியதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் சென்னையில் சாப்ட்வேர் வேலை, புதிதாகச் சேருகிற பிள்ளைகளை நேர்காணல் பண்ணுகிற இடத்தில் இருக்கிறேன். யூ.எம்.எல்.லை ஓ.எம்.ஜி. என்ற தர அமைப்பு தரமாக ஏற்றது 1997இல், இப்போது 14 வகைப் படம் இருக்கிறது, அதில் மூன்று நான்குக்கு மேல் வேலையில் யாரும் தொடுவதை நான் பார்த்ததில்லை. ஈ.ஆர். கட்டாயம். சீக்வென்ஸ் படம் (யாருக்கு யார் எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறார்) கட்டாயம். ஸ்டேட் படம் (ஒரு பொருள் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறுகிறது) எல்லோரும் அலட்சியம் பண்ணுவது, எனக்கு அதுதான் முக்கியம். குச்சி மனிதன் போட்டு நீள்வட்டத்துக்குள் லாகின் என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள் சார். யாரும் லாகின் பண்ணுவதற்காக ஒரு சிஸ்டத்துக்கு வருவதில்லை. நெல்லை விற்றுப் பணம் வாங்க வருகிறார்கள், அதுதான் யூஸ் கேஸ்.

உங்கள் கொள்முதல் நிலையத்தையே ஸ்டேட் படமாகப் போடச் சொல்லுங்கள். விவசாயிக்கு வேண்டாம், குவியலுக்குப் போடட்டும். வந்து கொட்டியது, ஈரப்பதம் பார்த்தது, 17 சதவீதத்துக்கு மேல் போனால் திரும்பக் காயவைப்பது, தூற்றியது, எடை போட்டது, சாக்கில் பிடித்துத் தைத்தது, அட்டி போட்டது (மூட்டைகளை அடுக்கியது), லாரி ஏற்றியது, சேமிப்பு மையத்துக்கோ அரவைக்கோ போனது. இதில் நடுவில் மழை பெய்தால் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குத் திரும்பும் என்று கேளுங்கள். எடை போடுவதற்கு முன்னால் நனைந்தால் அது விவசாயியின் நெல், ரசீது போட்டு அட்டியில் இருக்கும்போது நனைந்தால் நிலையத்தின் நெல். அம்பு ஒன்றுபோல இருந்தாலும் நஷ்டம் யாருக்கு என்பது மாறுகிறது. நீங்கள் சொன்ன அந்தக் களத்துப் பையன் இங்கே எழுந்து பேசுவான்.

அந்த 17 சதவீதத்தை யாராவது நிரலுக்குள்ளேயே எழுதினால் அதையும் பிடியுங்கள். மழைப் பருவத்தில் மாநிலம் கேட்டு மத்திய அரசு தளர்வு கொடுக்கும், எண் மாறும். அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தனி அட்டவணையில் இருக்க வேண்டிய சரக்கு.

எடையும் ஒரு நல்ல கண்ணி. எல்லோரும் அதைக் குவியலின் அட்ரிபியூட்டாகப் போடுவார்கள். நிலையத்தில் ஒரு எடை, சேமிப்பு மையத்தில் இறக்கும்போது இன்னொரு எடை, நடுவில் காய்ந்து குறைந்திருக்கும். அப்போது எடை என்பது எடை போட்ட நிகழ்ச்சிக்குச் சொந்தம், நெல்லுக்குச் சொந்தம் இல்லை.

மாவட்டம் பற்றியும் ஒன்று சொல்கிறேன், இது நான் நேர்காணலிலேயே கேட்பது. எங்கள் ஊர் தாத்தா காலத்தில் தஞ்சாவூர் மாவட்டம், 1991இல் நாகப்பட்டினம் மாவட்டமாயிற்று, 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம். ஊர் ஒரு அடி நகரவில்லை. கிராமம் அட்டவணையில் மாவட்டம் என்று ஒரு கட்டம் வைத்துவிட்டு 2020இல் அதை மாற்றி எழுதினால், 2018 கொள்முதல் அறிக்கையை இன்று எடுக்கிறபோது அப்போது இல்லாத மாவட்டத்தின் பெயரில் வரும். இதற்கு என்ன செய்வாய் என்று கேட்டால் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள்கூட முழிக்கிறார்கள். திருவாரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 1997ஐ வைத்து இதே கேள்வியைக் கேட்கலாம்.

குடந்தை டிபி லேப்:

எல்லாம் சரி, படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து எக்ஸாமினர் வருவார், பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் என்று சீட்டு எடுத்த பிள்ளை மூன்று மணி நேரத்தில் அத்தனை படமும் போட்டு அவுட்புட் காட்ட வேண்டும். அங்கே போய் "வரிசையால் உடைக்கிறேன்" என்று நின்றால் வேலைக்கு ஆகாது. நான் முன்பாதி செமஸ்டரை நீங்கள் சொல்கிற மாதிரி ஓட்டிவிட்டு, பின்பாதியை முழுக்கப் பரீட்சைக்கு விட்டுவிடுகிறேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குறியீட்டைப் பற்றி நீங்கள் யாரும் பேசவில்லை, அது சும்மா அலங்காரம் என்கிற மாதிரி. பிள்ளைகள் பாதிக் குழப்பம் அங்கேதான். கையில் சென் படம் சொல்லித் தருகிறோம், லேப் கருவி காக்கைக்கால் (பல என்பதற்குக் கோட்டு முனையில் மூன்று கிளை) போடுகிறது, அடுத்த யூனிட்டில் யூ.எம்.எல். கிளாஸ் படம். ஈ.ஆரில் குறைந்தது, அதிகபட்சம் என்று அடைப்புக்குள் ஜோடியாக எழுதுகிற முறையில் எண்ணை அந்த என்டிட்டியின் பக்கத்திலேயே போடுகிறோம். யூ.எம்.எல்.லில் எதிர்முனையில் போடுகிறோம். அதே உறவு, அதே எண்கள், இடம் மட்டும் தலைகீழ். இதைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டாமல் "கார்டினாலிட்டி (எத்தனைக்கு எத்தனை) தெரியவில்லை" என்று பிள்ளைகளைத் திட்டுவது நியாயம் இல்லை. இன்க்ளூட் (கட்டாயம் சேரும் துணை வேலை), எக்ஸ்டெண்ட் (சில நேரம் மட்டும் சேரும் வேலை) அம்பும் அப்படி. இன்க்ளூட் அடிப்படை யூஸ் கேஸிலிருந்து கிளம்பும், எக்ஸ்டெண்ட் அடிப்படை யூஸ் கேஸை நோக்கி வரும். வைவாவில் பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு நான் செய்வது: வைவா ஒத்திகையில் தமிழில் பதில் சொல்லவிடுகிறேன், என்டிட்டி பெயரும் உறவின் பெயரும் மட்டும் ஆங்கிலத்தில். விஷயம் தெளிவாக இருந்தால் பரீட்சையில் உடைந்த ஆங்கிலத்திலாவது சொல்லிவிடுகிறார்கள். விஷயமே இல்லாமல் ஆங்கிலத்தை மட்டும் மனப்பாடம் பண்ணியவர்களை இரண்டாவது கேள்வியில் எக்ஸாமினர் கண்டுபிடித்துவிடுவார்.

பெயர்ச்சொல்லை அடிக்கோடு போட்டு என்டிட்டி எடுக்கும் முறையை (அபாட் 1983இல் எழுதியதிலிருந்து வந்தது) எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த விடைகளில் கம்ப்யூட்டர், ஃபார்ம், கவுன்ட்டர், ஆபீஸ் எல்லாம் என்டிட்டியாக உட்கார்ந்திருக்கும்.

தாளடி:

வணக்கம் சார், மேடம். நான் ஆசிரியர் இல்லை, இறுதி ஆண்டு படிக்கிறேன், கும்பகோணம் பக்கம். படிக்கிறவர்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

நாங்கள் பாஸ்போர்ட் படத்தையே மாற்றிக் கொடுப்பதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை சார். வீட்டில் நடக்கிற விஷயம் பாடத்தில் எழுதத் தகுந்தது என்று எங்களுக்குத் தோன்றுவதே இல்லை. கொள்முதல் நிலையம் என்று கேள்வி வந்தால், அங்கே நிஜமாக நடப்பதை எழுதினால் தப்பாகிவிடும், அரசாங்க வெப்சைட்டில் இருக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொள்வோம். என் அப்பா குத்தகைக்குச் செய்கிறார். நிலம் ஒருவர் பெயரில், அடங்கல் வாங்க ஒருவரிடம் நிற்க வேண்டும், பணம் யார் கணக்கில் ஏறும் என்பது தனிப் பேச்சு. இதை ரெக்கார்டில் எழுதலாமா என்று எப்படிக் கேட்பது? கரும்பலகை ஐயா சொன்ன மாதிரி சாரே முதலில் "உடை" என்று சொன்னால் தைரியம் வரும்.

இன்னொன்று, அறுவடை நேரத்தில் மாணவர்களைக் கொள்முதல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது யோசித்தால் வேண்டாம். குவியல் குவியலாக நெல் கிடக்கும், மழை வருமோ என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், பட்டியல் எழுத்தரிடம் அப்போது போய்க் கேள்வி கேட்டால் துரத்திவிடுவார். பருவம் முடிந்த பிறகு சுமைதூக்கும் அண்ணன்கள் யாரையாவது பிடித்தால் எழுத்தரைவிட அதிகம் சொல்வார்கள். எது எப்போது எங்கே நகர்ந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும், ஆனால் எங்கள் வகுப்பில் ஒருத்தர் படத்திலும் அவர்கள் ஆக்டராக (சிஸ்டத்தோடு தொடர்புள்ளவராக) இல்லை.

வடவாறு:

எல்லோருக்கும் நன்றி. தாளடி தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்), நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசிக்கப்போகிறேன், பெயர் எதுவும் இல்லாததால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். குடந்தை சார் சொன்னபடி செமஸ்டரை இரண்டாக வெட்டுகிறேன். ஐந்து ஐந்து பேராக உட்காரவைத்து, ஒரு குழு எழுதும் வாக்கியங்களை அடுத்த குழு உடைப்பது என்று வைத்தால் அறுபது பேரைச் சமாளித்துவிடலாம் என்று தோன்றுகிறது. என் வீட்டுச் சிட்டாவையே மறைத்து நகல் எடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கொள்முதல் நிலையத்தைப் பயிற்சிக்கு வைத்துவிட்டால் இன்டர்னல் டெஸ்ட்டுக்கு வேறு ஒன்று வேண்டும். நெல்லே இல்லாத ஒன்றாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் இதையும் பெயர் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

பழைய கரும்பலகை:

உங்கள் புனைபெயரிலேயே இருக்கிறது சார், வடவாறு நம்ம பக்கத்துப் பாசன ஆறுதானே. பாசனத்தைக் கொடுங்கள். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு, அப்புறம் நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு. அதற்குக் கீழே வாய்க்கால், கிளை வாய்க்கால். ஆறு ஒரு அட்டவணை, வாய்க்கால் ஒரு அட்டவணை, கிளை வாய்க்கால் ஒரு அட்டவணை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், போகட்டும். நீர்வழி என்று ஒரே என்டிட்டி, அது இன்னொரு நீர்வழியிலிருந்து பிரிகிறது, அதாவது தன்னோடு தானே உறவு, என்று ஒருத்தராவது வந்து நின்றால் அவருக்கு முழு மார்க் போடுங்கள். ஊழியருக்கு ஊழியர் மேலாளர் என்கிற பாடப் புத்தக உதாரணத்தை அதற்கப்புறம் சொன்னால் போதும்.

அது வந்த பிறகு வடிகாலைக் கொடுங்கள். நம்ம பக்கத்தில் மேலே ஒரு வயலின் வடிகால் கீழே இன்னொருவருக்குப் பாசனம், ஒரே ஆறு மேட்டில் பாசனமாகவும் கடைமடையில் வடிகாலாகவும் ஓடுகிறது. அப்படியென்றால் ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் இரண்டு இடத்திலிருந்து வரலாம், தாய் வாய்க்கால் என்று ஒரே ஒரு ஃபாரின் கீ (இன்னொரு வரிசையைச் சுட்டும் கட்டம்) வைத்தவர் படம் அங்கே உடையும். டெஸ்ட்டில் முதல் பகுதியை மட்டும் கேளுங்கள், வடிகாலைத் திருத்திய தாளைக் கொடுக்கிற அன்று வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.